கஞ்சி சிந்தாத பை

கருவடிக்குப்பம்
28.2.2026

அதில்லப்பா அதீபு, போன்ல என்னையப் பேச வுட மாட்டேங்கிற, அதான் எழுதி போட்டோ புடிச்சி அனுப்புறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

கம்பெனியில புது மெஷின் வந்து தையக்காரிங்க எல்லாரையும் நிறுத்திட்டாங்கல்ல, இப்ப உழவர்கரையில ஒரு வகுப்புக்குப் போறேன். புதுசா யோசிக்கக் கத்துக் குடுக்குறாங்க. ஹேமலதா டீச்சரு, இந்த வாரம் எது ஒங்களுக்கு எரிச்சலா இருந்துச்சுன்னு கேட்டுது. நான் ஆரம்பிச்சேன், வகுப்பு முடியிற வரைக்கும் நிறுத்தல. டவுன் பள்ளிவாசல்ல தூக்குச் சட்டியில நோன்புக் கஞ்சி வாங்கி பஸ்சுல வந்தா பாதி மடியில கொட்டுதே, அதான் என் எரிச்சலு.

பஸ் கம்பியில மாட்டுற மாதிரி ஒரு பை தச்சேன். மொத நாளே டிரைவரு பிரேக்கு போட்டான், கஞ்சி பூரா பக்கத்து சீட்டு அம்மா பொடவையில. அல்லா காப்பாத்துனான், அந்தம்மா அடிக்கல. என்கூட கம்பெனியில தச்ச கொளஞ்சி, கொடம் தூக்க துணியச் சுருட்டி தலையில சும்மாடு வைப்பா. அதே மாதிரி ஒண்ணை பைக்குள்ள அடியில வச்சித் தச்சேன். இப்ப தூக்கு அசையல.

துஆவோட,
பெரியம்மா ஜீனத்துன்னிசா

பாரீஸ்
5.3.2026

அன்புள்ள பெரியம்மா,

வ அலைக்கும் ஸலாம். குழந்தை அரீபாவுக்குப் பல் முளைக்கிறது, அழுதுகொண்டே இருக்கிறாள்.

நீங்கள் பஸ் ஸ்டாண்டில் பை விற்பதாகத் தம்பி ஸாகிப் சொன்னான். சங்கடமாகிவிட்டது. அம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். ஊர் என்னைத்தானே கேட்கும்? ஐம்பத்தாறு வயதில் புதிதாக என்ன யோசித்துவிடப் போகிறீர்கள்? பெருநாள் முடிந்ததும் இங்கே வந்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். டிக்கெட் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
அதீப்

கருவடிக்குப்பம்
8.3.2026

அன்பு மகன் அதீபுக்கு,

புள்ளைக்கு இங்கேர்ந்தே ஓதி ஊதி வுட்டுட்டேன், சரியாப் போவும். டிக்கெட்டை கேன்சல் பண்ணு.

ஊரு கேக்குமாம். கம்பெனியில என்னைய நிறுத்துனப்ப எந்த ஊரு வந்து கேட்டுச்சு? கஞ்சி அல்லாவுக்காகக் குடுக்குறது, அதை நான் விக்கல. நான் தச்ச பையத்தான் விக்கிறேன். இதுல என்ன மானக்கேடு?

என்ன யோசிப்பேன்னு கேட்டல்ல? ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டு போறவங்க மூடி வச்ச பை கேக்குறாங்க. தராவீஹ் தொழுவுறப்பகூட அந்த மூடிதான் நெனப்புல வருது, அல்லா மன்னிக்கணும்.

"யக்கா, அவன் ஒன்னைய கூப்புடல, புள்ள பாத்துக்க ஆளு தேடுறான்"னு கொளஞ்சி சொன்னா. அதட்டிட்டேன். ஆனா, பெரியம்மாவ பாக்கணும்னு நீ ஒரு வரி எழுதலியேப்பா.

நான் வரல. ஆசையிருந்தா நீ புள்ளையத் தூக்கிட்டு வா.

பெரியம்மா

சொல்ல மறந்துட்டேன் பாரு, ஒன் கட்டிலை கொளஞ்சி வூட்டுக்கு அனுப்பிட்டேன். அந்த எடத்துல இன்னொரு தையல் மெஷின் போட்டாச்சு.