மவுஸில் எழுதிய பேஸ்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சாந்தி வழக்கம்போல் ஊக்கால் என் இடது கையில் குத்திப் பார்த்தாள். மோதிர விரல், சுண்டு விரல்.

"இங்கன?"

"இல்ல."

"இங்கன?"

"குத்துறியா நீ?"

ஊக்கைத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

போன வருடம் ஆனியில் கண்ணாடிக் கதவு உடைந்து மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. அதற்கு முன் பதினாறு வருடம் கச்சேரிக் குழுவில் பேஸ் கிட்டார். இப்போது கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சரிசெய்கிறேன். வருத்தம் என்று எதுவும் இல்லை. அதுவும் மரத்துவிட்டது போல.

மதியம் தர்ஷினி. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த பெண், ராப் பாடுகிறவள். ஆறு மணிக்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். அவள் பாட்டுக்குப் பீட் நான்தான். பேஸைக் கம்ப்யூட்டரில், மவுஸால் ஒவ்வொரு சுரமாகத் திரையின் கட்டத்தில் வைத்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா, கோவிக்காதேங்கோ. டிரம்ஸ் நல்லா இருக்கு. பேஸ் தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு."

"கம்ப்யூட்டர் வாசிச்சா அப்பிடித்தாம்மா."

"நீங்கள் வாசிச்சா இப்பிடியோ இருக்கும்?"

சனிக்கிழமை இங்கே கல்லூரி விழா. அவளுக்கு முதல் மேடை.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை. கரண்ட் இரண்டு தடவை போனது. வாங்க: கொசுவத்தி, பல்பு, சாந்திக்கு இருமல் மருந்து.

பேஸைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சுரத்துக்கும் அழுத்தம் 100. எல்லாம் ஒரே நீளம். அந்தச் சீரைத் தானாகக் கலைத்துவிட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். குடித்தவன் வாசிப்பது போல வந்தது. பழையபடியே மாற்றிவிட்டேன்.

நான் எப்படி வாசித்தேன்? யோசித்தால் தெரியவில்லை. எண்ணி வாசித்ததே இல்லை.

மருந்து மறந்துபோனது.

ஐப்பசி 11, புதன்

வெயில், திடீரென்று. சாந்தி அவள் போனில் பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தாள். உப்பூர்த் திருவிழாக் கச்சேரி. முழுக்க நான்தான்.

"பாட்டுக்காரரு மூஞ்சியே வரலையே?"

"நான் அவரையா பாக்க வந்தேன்?"

மெதுவாக ஓடவிட்டு இடது கையை மட்டும் பார்த்தேன். யாரோ ஒருவன் கை. நல்லாத்தான் வாசிக்கிறான். குறித்தவை:

– முதல் அடி அழுத்தம். அடுத்தது பாதிகூட இல்லை.
– காலால் மிதிக்கிற கிக் டிரம் விழுந்து ஒரு மயிரிழை கழித்துத்தான் சுரம்.
– குச்சியால் அடிக்கிற ஸ்னேர் டிரம் வரும் முன்னே விரலைத் தூக்கிவிடுகிறான். சுரம் அங்கேயே அறுகிறது.
– பெரிய சுரத்துக்கு நேராகப் போவதில்லை. கீழிருந்து வழுக்கி ஏறுகிறான்.
– நடுவே சும்மா தந்தியைத் தொடுகிறான். 'டக்' மட்டும். சுரமே இல்லை.

கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி 12, வியாழன்

பெரியாஸ்பத்திரி. இரண்டு மணி நேரம் பெஞ்சு. டாக்டர் விரலைத் தட்டினார், மடக்கினார்.

"உணர்ச்சி இனிமே வாரது கஷ்டம். இருக்கிறத வச்சுப் பழகிக்கங்க."

சரி என்றேன். பஸ் ஸ்டாண்டில் சாந்தி அழுதாள். வடை வாங்கினேன். பொட்டலத்தை இடது கையில் பிடித்திருந்தேன். "என்னங்க, சுடுது, கீழ வைங்க" என்று அவள் பிடுங்கிய பிறகுதான் பார்த்தேன், விரல் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேஸ். நேற்றைய குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக. 112, 60, 85. இதைக் கொஞ்சம் தள்ளி, அதை நறுக்கி. பதினாறு சுரத்துக்கு மூன்று மணி நேரம். முன்பு ஐந்து விநாடி வேலை. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

மழை. தர்ஷினி நனைந்து வந்தாள். சாந்தி துண்டு கொடுத்தாள். பாட்டைப் போட்டேன்.

'பிறந்த ஊர் மண்டபம், பேர் மட்டும் அகதி' என்ற வரி முடிந்ததும் அவள் மூச்சு எடுக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே இருந்த சுரங்களை எடுத்துவிட்டேன். வெற்றிடம். பிறகு கீழிருந்து வழுக்கி ஒன்றே ஒன்று.

அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடி கேட்டாள்.

"இதில எனக்காக நிக்கிறார் அண்ணா."

"யாரு?"

"பேஸ் வாசிக்கிறவர். நான் மூச்சு விடுமட்டும் நிக்கிறார்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். துண்டோடே போய்விட்டாள்.

ஐப்பசி 14, சனி

மழை விட்டது. கல்லூரி அரங்கம், பிளாஸ்டிக் நாற்காலி, கடைசி வரிசையில் நானும் சாந்தியும். பின்னால் பையன்கள்: "ஏலே, முகாம்காரப் பிள்ளையாம்டா." "பாடட்டும்லே, பாப்போம்."

பீட் விழுந்தது. பேஸ் தரையில் வந்தது, செருப்பு வழியாக. தர்ஷினி முதல் வரியில் தடுமாறினாள், இரண்டாவதில் பிடித்துக்கொண்டாள். அந்த வெற்றிடம் வந்தபோது அரங்கமே சத்தமில்லாமல் இருந்தது. வழுக்கிய சுரம் ஏறியதும் பின்வரிசை விசிலடித்தது.

"என்னங்க, கைய பாருங்க" என்றாள் சாந்தி. இடது கை என் தொடைமேல் தாளத்துக்கு நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

முடிந்தது. தர்ஷினி மூச்சு வாங்கியபடி மைக்கில் சொன்னாள். "பேஸ், கதிரேசன் அண்ணா. பின்னால இருக்கிறார். எழும்புங்கோ அண்ணா."

எல்லாரும் திரும்பினார்கள். என்னால் எழ முடியவில்லை.

சாந்தி எழுந்து நின்றாள்.