ஈரலில் இருக்கிறது, கண்ணுக்கு வரவில்லை

நவந்துகா, கமுலி
10 மார்ச் 1996

என் மகள் நைகாகாவுக்கு,

அப்பா பாலிகோவா சொல்லச் சொல்ல, தையற்காரர் தென்யுவா எழுதுகிறார். நைரோபியில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. கடலை போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. உன் அத்தை காகோயா அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுதத்தான் சொல்கிறேன்.

உன் மகள் முத்தேசிக்குத் தட்டம்மை வந்து போயிற்று. பயப்படாதே, தேறிவிட்டாள். அம்மை கண்ட பிள்ளைக்கு அவரைப் பயறும் மீனும் வயிற்றுக்குக் கனம் என்று அத்தை மரவள்ளிக் கஞ்சியும் பப்பாளியும்தான் கொடுக்கிறாள். கன்னமும் காலும் உப்பி, கண்பட்டுவிடும் போல இருக்கிறாள். முடிகூட வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி செம்பட்டையாகிவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் என்ன ஊட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். விளையாடத்தான் போக மாட்டேன் என்கிறாள். மடியிலேயே கிடக்கிறாள்.

ஒரே ஒரு குறை. பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரிவதில்லை. என் குரலைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டியபடி வருகிறாள். சுகாதாரத்துக்காரர்கள் வந்து வைட்டமின் ஏ மாத்திரையின் நுனியைக் கத்தரித்து அவள் வாயில் பிழிந்துவிட்டுப் போனார்கள். பப்பாளியும் கண்ணுக்கு நல்லதுதானாம். அப்படியும் தெரியவில்லை. நீ அங்கே இரத்தத்தைப் பற்றித்தானே படிக்கிறாய், பெரியவர்களைக் கேட்டு எழுது.

உன் அப்பா,
பாலிகோவா (கைநாட்டு)

நைரோபி
19 மார்ச் 1996

அன்புள்ள அப்பா,

இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தென்யுவா அண்ணன் இந்த வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டு உங்களுக்குச் சைக்கிளை எடுத்துத் தரட்டும். முத்தேசியைக் கமுலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அது சதை இல்லை அப்பா, நீர். காலை அழுத்திப் பாருங்கள், குழி விழும். நீர் கோத்ததும், முடி வெளுத்ததும், மடியில் கிடப்பதும் சத்துக் குறைவால்தான்.

அந்த மாத்திரை வீண்போகவில்லை. அது ஈரலில் போய்த் தங்கியிருக்கும். ஆனால் வைட்டமின் ஏ தானாக நடந்து கண்ணுக்கு வராது. அதைத் தூக்கிப்போக ஒரு சுமைக்கூலியாள் வேண்டும். அந்தக் கூலி ஒரு புரதம். சின்ன ஆள். இரத்தத்தில் தனியாக விட்டால் மூத்திரத்தோடு போய்விடுவான் என்று, பெரிய புரதம் ஒன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். கண்ணுக்குள் சுமையை வாங்கிக்கொள்ள வேறொருவன் நிற்பான். இவர்களையெல்லாம் உடம்பு அவரையிலிருந்தும் மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான் செய்துகொள்ளும். வெறும் மரவள்ளியில் அதற்குச் சரக்கு இல்லை.

நாள் முழுக்க அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்பீர்களே. இந்தக் கூலிகளைத்தான் எண்ணுகிறேன், ஊரார் பிள்ளைகளின் இரத்தத்தில். என் பிள்ளையைப் பற்றி உங்கள் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தினம் ஒரு முட்டை கொடுங்கள். அத்தை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுங்கள்.

உங்கள் மகள்,
நைகாகா

நவந்துகா
7 ஏப்ரல் 1996

மகளே,

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வந்தோம். பால் கொடுத்து நீரை வடித்துவிட்டார்கள். இப்போது பிள்ளை குச்சியாகத் தெரிகிறாள். நாங்கள் சதை என்று பெருமைப்பட்டது எங்கே போயிற்றோ. கருவிழியில் இன்னும் பூ விழவில்லை, இனிமேல் ஊட்டுவதில்தான் இருக்கிறது, மறுபடி விட்டீர்களானால் பகலிலும் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார்.

கூலி கதை எனக்கு உடனே விளங்கிவிட்டது. நமசகாலித் துறையில் நான் பஞ்சுப் பொதி தூக்கிய காலத்தில், காய்ச்சல் கண்டு ஆட்களெல்லாம் படுத்துவிட்டார்கள். நானும் லுபாலேயும் நொண்டி கிசிராவும்தான் எழுந்து நின்றோம். கிடங்கு நிறையப் பொதி, கரையில் கப்பல், நடுவே ஒரு பலகை. துரை என்ன செய்தான் தெரியுமா? பஞ்சு போதவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டு வண்டி வரவழைத்தான். நாங்கள் சிரித்தோம். பப்பாளிக்கு மேல் பப்பாளியாக நாங்கள் கொடுத்ததும் அதே வேலைதான்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். பிள்ளைக்கு மீன் குமட்டுகிறது. அவரைப் பயறு வயிற்றைக் கலக்குகிறது. மாடு நம்மிடம் இல்லை. மிஞ்சியது முட்டை. நம் வீட்டுப் பெண்கள் கோழியையும் முட்டையையும் மருமகனுக்கு ஆக்கிப் போடுவார்களே தவிர, ருசிகூடப் பார்ப்பதில்லை என்று உனக்கே தெரியும். நான் முட்டையை அவித்ததும் உன் அத்தை வாசலை மறித்தாள்.

“ஏன்டா தம்பி, பொட்டப்புள்ளைக்கு முட்டையக் குடுத்துட்டு நாளைக்கு எந்த வீட்டுல கட்டிக்குடுப்ப?”

“கண்ணு தெரிஞ்சா அவளே பாத்துப் போயிக்குவா. வழிய விடுக்கா.”

விட்டாள். ஆனால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அத்தை சொல்லிச் சொல்லி வளர்த்தது அப்படி ஊறியிருக்கிறது. நான் தின்று காட்டினேன். “நீங்க ஆம்பள, தாத்தா” என்கிறாள். நாலு வயதுக்கு என்ன பதில் பார். ஏமாற்றிக் கஞ்சியில் கலந்தேன், மோந்து பார்த்துத் துப்பிவிட்டாள். பொழுது சாய்ந்தால் இன்னும் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். என்ன செய்ய, சொல்.

அப்பா (கைநாட்டு)

நைரோபி
15 ஏப்ரல் 1996

அன்புள்ள அப்பா,

மே முடியாமல் என்னை இங்கிருந்து விடமாட்டார்கள். முடிந்ததும் வருவேன். முட்டை தின்னாவிட்டால் முத்தேசியை என்னோடு கூட்டிவந்துவிடுவேன். கோபத்தில் சொல்லவில்லை அப்பா. அவள் இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இதை மட்டும் அத்தைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அத்தை, முட்டை தின்றவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்காது என்பீர்கள். நான் பள்ளி விடுதியிலேயே முட்டை தின்னத் தொடங்கிவிட்டேன். முத்தேசி அதற்குப் பிறகு பிறந்தவள். அவளை முதலில் கையில் வாங்கியது நீங்கள். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், என் முகமே அவளுக்கு மறந்திருக்கும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

நைகாகா

நவந்துகா
23 மே 1996

என் மகளுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. நல்லதாக ஒரு சேதி வரட்டும் என்று காத்திருந்தேன்.

உன் கடிதத்தை அத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். எழுந்து போய்விட்டாள். மறுநாள் நான் முட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து, தட்டை வாங்கிக்கொண்டாள். பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்த வயதுவரை அவள் நாக்கில் முட்டை பட்டதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பாதியைக் கடித்தாள். மென்று முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. முத்தேசி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது செத்து விழுவாள் என்பது போல.

“இந்தா, மிச்சம் ஒனக்கு. கசக்கல” என்றாள் காகோயா.

பிள்ளை வாங்கித் தின்றாள். அன்றிலிருந்து தினமும் ஆளுக்குப் பாதி. என் கோழிகளை அடை வைக்க வழியில்லை. காலில் வலு வந்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அடித்துவிட்டும் வந்தாள். சந்தோஷமாகத்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நீ கூட்டிப்போவதாக எழுதியதை நினைத்துக்கொண்டே இருந்தேன். பெற்றவள் நீ. வந்து பார், பிறகு உன் மனசுப்படி செய். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஒரு மாதமாவது எங்களோடு இருந்துவிட்டுப் போ, அவள் உன்னிடம் பழக வேண்டாமா.

நேற்றுப் பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்துவிட்டன. விளக்கு ஏற்றவில்லை. அத்தை அடுப்படியிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். பிள்ளை என் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் எதிரே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“அத்தைப்பாட்டி, ஒங்க மோவாயில மஞ்சக்கரு ஒட்டியிருக்கு.”

நானும் பார்த்தேன். அந்த மங்கலில் எனக்கு அத்தையின் முகமே சரியாகப் பிடிபடவில்லை. காகோயா துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு மெதுவாக, “எந்தப் பக்கம்டி?” என்று கேட்டாள்.

பிள்ளை எழுந்து, கையை நீட்டாமல் நேராக நடந்துபோய், விரலால் துடைத்துவிட்டாள்.

இதை எழுதத்தான் தென்யுவாவை விடியுமுன் எழுப்பிக் கூட்டிவந்தேன். திட்டிக்கொண்டே எழுதுகிறார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
பாலிகோவா (கைநாட்டு)