பாயிலிருந்து எழும்புதல்

1996 மாசி 6, செவ்வாய்

வெளியே கண் திறக்க முடியாத குளிர். உள்ளே எனக்கு நெருப்பு. நெஞ்சில் தொடங்கிக் கழுத்தால் ஏறி உச்சிவரை எரிவு, பிறகு குளித்த மாதிரி வியர்வை. மத்தியானத்துக்குள் இரண்டு சட்டை மாற்றியாயிற்று.

இதையெல்லாம் எழுதச் சொன்னது டொக்டர். எப்போது வெக்கை, எங்கே நோ, என்ன சாப்பாடு, என்ன எக்ஸசைஸ். எழுதுகிறேன். ஆனால் அவளுக்குக் காட்டப்போவதில்லை.

தமிழ்ப் பெட்டை. என் மகள் சுபாவை விடச் சின்னவளாயிருப்பாள்.

"அன்ரி, உங்களுக்கு மெனோபோஸ்."

"அது என்ன வருத்தம்?"

"வருத்தமில்லை அன்ரி. வயசு."

எனக்கு ஐம்பத்தொன்று என்று சொல்லித்தர இவள் இவ்வளவு காலம் படித்திருக்கிறாள். தராசில் ஏற்றினாள். என்ன காட்டியது என்று இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். சோற்றைப் பாதியாக்க வேண்டுமாம். ஒன்பது மாதமாக ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்றேன். "முழுசா ஒரு வருசம் வராமல் இருந்தாத்தான் முடிஞ்சுது எண்டு சொல்லலாம்." என் உடம்பு எனக்குத் தெரியாதாக்கும்.

படம் போட்ட தாள் ஒன்று தந்தாள். கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்புவது, சுவரில் சாய்ந்து பதிவது, படி ஏறுவது. கடைசிப் படத்தில் ஒருத்தி சும்மா இருக்கிறாள். இது என்ன எக்ஸசைஸ் என்று கேட்டேன். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கிப் பிடித்துப் பிடித்து விடுவதாம். ஒரு நேரத்துக்குப் பத்துத் தரம். இருமினால், தும்மினால் கசியாதாம்.

"எனக்கு உது தேவையில்லை" என்றேன்.

சனிக்கிழமை நடந்த மானக்கேட்டுக்குப் பிறகுதான் சுபா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். சுபாவின் கைப்பிள்ளை ஆரணிக்கு நப்பி மாற்ற நிலத்தில் இருந்தேன். எழும்ப முடியவில்லை. முழங்கால் இறுகிப்போயிற்று. ஆரணி வீரிட்டு அழ, ரெலிபோன் அடிக்க, நான் அந்தக் காப்பெற்றில் கவிழ்ந்த ஆமை மாதிரி. சுபா வந்து கதவைத் திறந்தபோது பிள்ளையும் அழுதது, நானும் அழுதேன்.

அவள் அடுத்த மாதம் திரும்ப வேலைக்குப் போகிறாள். பிள்ளையை நான் பார்ப்பதென்றுதான் பேச்சு. இப்போது, "பாப்பம் அம்மா" என்கிறாள்.

பாப்பம்.

மாசி 9, வெள்ளி

முழுகி விளக்கேற்றினேன். சுபா ஒன்பதாம் மாடியிலிருந்து பிள்ளையோடு இறங்கி வந்தாள். சாமித்தட்டுக்குக் கிட்டப் போனவளை மறித்தேன். மாதத் துடக்கென்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"துடக்கோட விளக்குக்குக் கிட்டப் போகாதை."

"அம்மா, இது கனடா."

"கனடாவில சாமி கண்ணை மூடிக்கொண்டோ இருக்கிறார்?"

குளியலறை அலுமாரியில் கிடந்த என் மாதத் துடக்குப் பட் பெட்டிகளை அவளிடமே தூக்கிக் கொடுத்தேன். இனி எனக்கு எதற்கு? இந்தச் சனியன் பிடித்த காலத்தில் ஒரே ஒரு நன்மை, எந்த நாளும் விளக்கேற்றலாம்.

வெக்கை: வராத நேரத்தை எழுதுவது சுகம். நோ: வலது முழங்கால், இடுப்பு, எல்லாரோடும். எக்ஸசைஸ்: கதிரை. கை ஊன்றினேன். ஊன்றவில்லை என்று டொக்டரிடம் சொல்வேன்.

மாசி 11, ஞாயிறு

சம்பந்தி வந்தா. மருமகனின் தாய். அவவின் பெயரை இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். ச. போதும்.

மில்லிக்கனில் சொந்த வீடு, அதில் மூன்று தட்டுப் படி, அதில் ஏறி இறங்கி முருங்கைக்காய் மாதிரி உடம்பு. என்னை விட ஒரு வயது மூப்பு. சப்பாத்துக் கழற்ற முதலே தொடங்கினா.

"என்ன மச்சாள், போன முறையை விட ஊதிப்போனியள்?"

"குளிருக்கு வீங்கினது."

"எனக்கு உது முடிஞ்சு ஏழு வருசம். ஒரு வெக்கையுமில்லை, ஒரு நோவுமில்லை. மனசை அடக்கினா உடம்பு கேக்கும்."

என் மனுசன் பழைய பகிடி ஒன்றை எடுத்துவிட்டார். மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ச. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தா. எப்போதும் அப்படித்தான். எஸ்.எஸ்.சி. படித்தவ. என்னைப் போல ஐந்தாம் வகுப்புக்காரி வீட்டில் சிரித்தால் சேட்டிபிக்கற்றைப் பறித்துவிடுவார்கள்.

பிறகு செய்தா பாருங்கோ ஒரு வேலை. தேத்தண்ணிக் கோப்பையோடு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தா. பிள்ளைக்கு "அப்பம்மாவைப் பார்" என்றா. கோப்பையோடு அப்படியே எழும்பினா. ஒரு துளி சிந்தவில்லை. சுபா என் பக்கம் திரும்பவேயில்லை.

"பாவம் சுபா, கொம்மாவைக் கஷ்டப்படுத்தாதை. ஆரணியை நான் பாக்கிறன். பல்லுக் கொழுக்கட்டைக்கும் நானே இருக்கிறன்."

பிள்ளைக்கு முதல் பல் வந்ததும் பாயில் மடியில் வைத்திருந்து, தலையில் கொழுக்கட்டை கொட்டுவது. எங்கள் வீட்டில் மடி எப்போதும் அம்மம்மாவின் மடி. சுபாவுக்கும் என் அம்மாதான் இருந்தா.

"என்ர மடி இன்னும் இருக்கு, மச்சாள்" என்றேன்.

"மடி இருக்கு. எழும்ப வேணுமே."

அவ போனபின் அந்தக் கோப்பையை இரண்டு தரம் கழுவினேன்.

மாசி 15, வியாழன்

மோலில் கடை திறக்க முன் நடக்கலாம் என்று சுபா சொன்னாள். போனேன். பூட்டின கடைகளுக்கு முன்னால் வெள்ளைக் கிழவிகள் கையை வீசிக்கொண்டு போகிறார்கள். எண்பது வயது இருக்கும் ஒருத்தி என்னை முந்திப்போய், திரும்பிச் சிரித்தாள். சிரிக்கட்டும். எனக்கு நடுவழியில் வெக்கை. கோட்டு, தொப்பி, ஸ்கார்வ் எல்லாம் கழற்றிக் கையில். பொலிஸ்காரன் மாதிரி உடுத்த ஒருவன் வந்து "ஆர் யூ ஓகே?" என்றான். நோ ஓகே.

ரீவியில் கடற்கரையில் நின்று குதிக்கிற பெட்டைகளையும் பார்த்தேன். அவர்களுக்கு முழங்காலே இல்லை.

இரவில் யன்னலைத் திறந்து வைக்கிறேன். இவர் ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுப் படுக்கிறார். "இந்தியன் ஆமிக்கும் தப்பி வந்தனான், உன்ர யன்னலுக்குத் தப்பமாட்டன் போல கிடக்கு" என்றார். வாயை மூடிக்கொண்டு படுங்கோ, குளிர் உள்ளே போகும் என்றேன்.

மாசி 23, வெள்ளி

கிழமை முழுக்க ஒழுங்காகச் செய்தேன். படி நாலாம் மாடி வரை. சோறு ஒரு அகப்பை. தராசில் ஒரு மாற்றமும் இல்லை. அதே எண், அதே திமிர். கோபத்தில் அரை றாத்தல் பாண், இடிச்ச சம்பல், அதற்கு மேலே நேற்றைய புட்டு. நின்றபடியே குசினியில். ருசியாயிருந்தது. எழுதுகிறேன், ஏன் எழுதக்கூடாது?

எலிவேற்றருக்குக் காத்து நின்ற இரண்டு தமிழ்ப் பெட்டையள்.

"அந்த அன்ரி படியால போறா, டெய்லி. சோ க்யூட்."

க்யூட்டாம். மூச்சு இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நிலத்தில் இருந்து எழும்புவது: சோபாவைப் பிடித்தால் முடியும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவை எதனால் பிடிப்பது?

பங்குனி 2, சனி

பல்! கீழ்முரசில் வெள்ளைக் கீறு. கரண்டி தட்டினால் டிங் என்கிறது. கண்டுபிடித்தது நான். ச. இல்லை, நான்.

பத்தாம் திகதி ஞாயிறு பல்லுக் கொழுக்கட்டை. என் வீட்டில், என் சாமித்தட்டுக்கு முன்னால் என்று சொல்லிவிட்டேன். மடிப் பேச்சை எடுத்தால் சுபா பிள்ளையின் வாயைத் துடைக்கிறாள். கடைசியில்,

"மாமி இருக்கட்டுமே அம்மா. நீங்கள் கொட்டுங்கோ. எல்லாருக்கும் முன்னால விழுந்திட்டியள் எண்டால்?"

"விழுந்தால் தூக்கி வெளியில எறி."

"சரி அம்மா. நீங்கள் இருங்கோ. பிள்ளையோட எழும்பிக் காட்டுங்கோ. எழும்பினால் வேலைக்குப் போகேக்க உங்களிட்ட விடுறன். இல்லாட்டி மில்லிக்கன்."

பெற்ற மகள் சோதினை வைக்கிறாள்.

பங்குனி 6, புதன்

பிள்ளையின் எடைக்கு வீட்டில் இருப்பது பாதி முடிந்த அரிசிப் பைதான். துவாயால் சுற்றி மடியில் வைத்து எழும்பிப் பழகுகிறேன். சாப்பிடாதே என்றார்கள், சரி, தூக்குகிறேன்.

முதலில் இடது முழங்காலை ஊன்றி, வலது பாதத்தை முன்னால் வைத்து, வயிற்றை இறுக்கி, பிறகு வாயால் வரக்கூடாத சொல் ஒன்று. அந்தச் சொல் இல்லாமல் எழும்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் "முருகா" என்று மாற்ற வேண்டும்.

இரவு எழும்பினேன். சோபா இல்லாமல். அரிசியோடு. இவர் தொப்பிக்குள்ளிருந்து கை தட்டினார்.

பங்குனி 10, ஞாயிறு

வெயில். பனி உருகி ஒழுக்கு.

காலையில் சேலை உடுக்கப் போனேன். பாவாடையில் இரத்தம்.

இன்றைக்கு. பத்து மாதம் எங்கே கிடந்தது? அந்தப் பெட்டை டொக்டர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

அலுமாரியில் ஒன்றுமில்லை, எல்லாம் ஒன்பதாம் மாடியில். சுபாவைக் கேட்டால் மடி போயிற்று, பிள்ளையும் போயிற்று. பழைய சேலைத்துண்டு தேடிக்கொண்டு நிற்கிறேன், பாவாடை பேசினுக்குள், குளியலறைக் கதவில் இடி. மற்றவர்களுக்கு முன்னம் வந்து சேர்ந்துவிட்டா ச.

"மச்சாள், சுறுக்காத் திறவுங்கோ! எனக்குப் பொறுக்கேலாது!"

திறந்தேன். அவ அதற்குமேல் ஒன்றும் பார்க்காமல் ஓடிப் போய் இருந்தா. பிறகு பார்த்தா. பேசின். சிவப்புத் தண்ணீர். என் முகம்.

நான் வாய்க்கு வந்ததை எதிர்பார்த்து நின்றேன். அவ கைப்பையைத் திறந்து பட் ஒன்றை எடுத்து நீட்டினா.

"உங்களுக்கு முடிஞ்சு ஏழு வருசமெல்லோ?"

"முடிஞ்சுதுதான்."

"அப்ப உது?"

குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

"தும்மினால் வரும். சிரிச்சாலும் வரும்."

அதுதான் இவ சிரிப்பதில்லை. நான் எஸ்.எஸ்.சி. என்று நினைத்திருந்தேன்.

"துடக்கோட பிள்ளையை மடியில வைக்கப் போறியளோ?"

"ஓம். போய்ச் சொல்லுங்கோ. நானும் சொல்லுவன்."

கைப்பையை டப்பென்று பூட்டினா. "நான் ஒண்டும் காணேல்லை" என்றா. பிறகு, "சேலை பின்னால சரியாயிருக்கோ எண்டு திரும்புங்கோ" என்றா. திரும்பினேன். "சரி" என்றா. அந்தக் குரல் மாமியார்க் குரல்தான்.

விளக்கைச் சுபாவை ஏற்றச் சொன்னேன். நான் எட்டியே நின்றேன். அந்தளவுக்கு நான் இன்னும் அழிந்துபோகவில்லை. சுபா ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பாயில் இருந்தேன். ஆரணியை மடியில் வைத்தேன். தலைக்கு மேலே வெள்ளைத் துணி. ச. கொழுக்கட்டையைக் கொட்டினா, என் தலையிலும் இரண்டு விழ. வேண்டுமென்றுதான். பிள்ளை முன்னால் வைத்த பேனை, காப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைப் பிடித்தது. என் பேத்தி.

பிறகு எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இடது முழங்கால். வலது பாதம். உள்ளே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தேன், கடைசிப் படத்தில் இருந்ததையும். முருகா வரவில்லை, மற்றச் சொல்தான் வந்தது, நல்ல சத்தமாக. எழும்பிவிட்டேன். பிள்ளையோடு.

மருமகன், "மாமியை ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்!" என்றான். அறையே சிரித்தது. ச. உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன்.

சுபா: "எட்டரைக்குக் கொண்டு வருவன் அம்மா. நித்திரையாக் கிடக்கப்படாது."

சாமி என்ன நினைத்தாரோ தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வருமோ என்று இரண்டு தரம் மேலே போன் எடுத்துக் கேட்டேன். நல்ல நித்திரையாம்.

பங்குனி 12, செவ்வாய்

மழை. முழங்கால் பழிவாங்குகிறது. இடுப்புக்கு எண்ணெய். சோறு ஒரு அகப்பை, கொழுக்கட்டை கணக்கில் இல்லை.

மில்லிக்கனுக்கு போன் எடுத்தேன். ச.தான் எடுத்தா.

"என்ன மச்சாள், விழுந்திட்டியளோ?"

"இல்லை. டொக்டர் ஒரு எக்ஸசைஸ் சொன்னவ. இருந்த இடத்தில செய்யலாம், ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளுக்க இறுக்கிப் பிடிச்சு விடுறது. தும்முறதுக்கு நல்லதாம்."

"எனக்கு உது தேவையில்லை."

"சரி."

வைக்கவில்லை. அவவும் போனை வைக்கவில்லை. அங்கே ரீவிச் சத்தம் கேட்டது. பிறகு குரலைக் குறைத்து,

"ஒரு நேரத்துக்கு எத்தினை தரம்?"

டொக்டர் சொன்னது பத்து. நான் முப்பது என்றேன்.