பிசாசு பிடித்தவரின் வாட்ச்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, காலமெல்லாம் பஸ் இன்ஜினைப் பிரித்து மாட்டிய மனிதருக்கு ஒரு குழாயை அடைக்க நேரமில்லையாம். உன் தங்கை உன் பழைய அறையில்தான் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள், ஆனால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை, மேல் தட்டில் இருக்கிற கண்ணாடி ஃபிரேமை எடுக்கக்கூடப் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிறாளாம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால் இந்த வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார், படித்துவிட்டுத்தான் அனுப்புவார், படிக்கட்டும்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். சாத்தான் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறான்மா, மாப்பிள்ளைக்குப் பிசாசுகிட்ட இருந்து விடுதலை கிடைச்சிடுச்சுன்னு போதகரே சொல்றார், அவளை அனுப்பி வைங்க என்று சொல்லியிருந்தாய். நீ அங்கே இருந்துகொண்டு சொல்வது சுலபம். அந்த விடுதலையை நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை என்று எழுத இனி எனக்கு மனசு வராது, அந்த ஆள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நம் சபைக்கு வெளியூரிலிருந்து பிசாசு துரத்தும் ஓர் ஊழியக்காரரை வரவழைத்திருந்தார்கள். பேசுவதைவிட முகம் துடைப்பதுதான் அதிகம், அதனால் நான் அவருக்குக் கைக்குட்டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். ஆவி வாய் வழியாக வெளியே வருமாம், அதற்காக மேடையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. முன்னால் போன ஒவ்வொருவரும் இருமி இருமி அதில் துப்பினார்கள், அதே வாளியை அடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அந்த ஆளும் மேடை ஏறினார். கோபத்தின் ஆவி பத்து வருஷமா என்னைக் கட்டி வெச்சிருந்துச்சு, என் மனைவியை அடிச்சது நான் இல்லை, அது என்று மைக்கில் அழுதார். ஹாலே அழுதது, உன் அப்பா உட்பட. கைக்குட்டைக்காரர் நெற்றியில் கையை வைத்து வெளியே வா என்று கத்த, அந்த ஆள் உறுமினார், ஆடினார், பின்னால் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கக் கையை விரித்து நின்றார்கள். உறுமிக்கொண்டே வாட்சைக் கழற்றினார். கழற்றி, சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டனையும் மாட்டினார். அப்புறம் விழுந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிசாசுக்கு என்ன பொறுப்பு பார் என்று உன் தங்கையிடம் சொல்லத் திரும்பினேன். அவள் தூக்க முடிந்த வலது கையால் தலையை மூடிக்கொண்டு நாற்காலியிலேயே சுருண்டு கிடந்தாள். சுற்றி இருந்தவர்கள் உருக்கமான ஜெபம் என்று நினைத்து அவள் முதுகைத் தடவினார்கள். எனக்குச் சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். வாட்சைக் கழட்டி டிவி பக்கத்துல வெச்சார்னா எனக்குத் தெரிஞ்சிடும்மா, அதுக்கப்புறம் ஓட நேரம் இருக்காது, முகத்துல மட்டும் படாமப் பார்த்துக்குவார், முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கிட்டு சாப்பாடு ஆச்சான்னு கேட்பார் என்றாள். அழாமல் சொன்னாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் குளியலறைக்குப் போய் அந்தக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

பெரியவனே, சாத்தான் இல்லை என்று நான் சொல்லவில்லை. உன்னை மடியில் வைத்து, அவன் தேவதூதனாக இருந்தவன், பெருமையால் விழுந்தவன், பொய்க்கெல்லாம் தகப்பன் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். கூடவே இன்னொன்றும் சொன்னேன், அதை நீங்கள் எல்லாரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். அவன் காதில் ஓதலாம், ஆசை காட்டலாம், கையை ஓங்குவது நாம்தான். பாம்பு ஏமாற்றிவிட்டது என்று ஆதியில் தோட்டத்துப் பழத்தைத் தின்ற அந்த அம்மாள் சொன்னாளே, சரி போ என்றா ஆண்டவர் விட்டார்? வேதத்தில் கல்லறைகளில் திரிந்தவன் கதை ஞாபகம் இருக்கிறதா, அவனுக்குள் பிசாசுகளின் பட்டாளமே இருந்தது. உடம்பில் துணி இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியாது, கல்லை எடுத்துத் தன்னைத்தானே கிழித்துக்கொண்டான். இந்த ஆளுக்கு வாட்சில் கீறல் விழுமே என்ற கவலை. இதைப் போய்ப் பிசாசு என்று சொன்னால் பிசாசுக்கே அருவருப்பாக இருக்கும். போதகரிடம் போய்க் கேட்டேன், ஐயா உங்களைப் பிசாசு பிடித்தால் வாட்சைக் கழற்றி வைப்பீர்களா என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு, சந்தேகமும் ஒரு ஆவிதாம்மா, வேணும்னா உங்களுக்கும் ஜெபிக்கச் சொல்றேன் என்றார். அந்த வாளியோடுதானே என்று கேட்டுவிட்டு வந்தேன். சீ, நினைத்தாலே வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்த ஹாலில் சாத்தான் இருந்தது உண்மைதான். அவனை யாரும் துரத்தவில்லை, எங்களோடு உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த ஆள் வந்து அவளைக் கூட்டிப்போவதாகப் போதகரும் அவரும் முடிவு செய்திருக்கிறார்கள். நான் வாசலை மறித்து நிற்பேன், அதில் எனக்குப் பயமில்லை. என் பயமெல்லாம் உன் தங்கையைப் பற்றித்தான். நேற்றுப் பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னடி இது என்றேன். அண்ணனே போகச் சொல்றான், அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது என்கிறாள். நான் தொண்டை கிழியப் பேசினாலும் நீ சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

அந்த வாட்ச் எது என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு நீ வாங்கி அனுப்பியதேதான். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் இல்லை.

குழந்தைக்குச் சளி என்றாயே, ஈரத்தலையோடு விளையாட விடாதீர்கள். மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இதைப் படித்ததும் முதல் வேலையாகத் தங்கையைக் கூப்பிடு, ஞாயிறு வரைக்கும் தள்ளாதே. சாத்தானைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். போகாதே என்று மட்டும் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா