கடன் என்று பெயர் வைத்த சம்பளம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த இருமலும் விட்டு நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உடம்பைத் தவிர மற்றதையும் சேர்த்து நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். முட்டி தேய்ந்துபோயிருக்கிறது, அவர் வருவதற்கு முன்னால் முட்டிச் சத்தம் வந்துவிடுகிறது, நான் அடுப்பில் டீயை வைத்துவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்த மனுஷன், நம் வீட்டுக் குளியலறையில் பெயர்ந்த நாலு டைல்ஸை இரண்டு வருஷமாகத் தாண்டித்தான் போகிறார். கேட்டால் "வீட்டு வேலைக்கு யாரு கூலி குடுப்பா" என்கிறார். நானும் எக்ஸ்ரே அறைக்குப் போய்வருகிறேன். அதே மெஷின், அதே ஜன்னலில்லாத அறை, கிழிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய அதே ஈய அங்கி. இனிமேல் வரவு பாதி போய்விடும், எங்கே போகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீ கடைசி வரை படிக்க வேண்டும்.

நீ அனுப்பிய காகிதங்கள் வந்தன. கம்பெனி உன்னைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இனிமேல் நீ தனி ஒப்பந்தக்காரனாக வந்து நிலம் அளந்து கொடு என்று சொல்லியிருக்கிறது, நடுவில் ஒரு நிறுவனம் உன் பணத்தை வாங்கி, கொஞ்சத்தைச் சம்பளம் என்றும் மிச்சத்தைக் கடன் என்றும் தரும், கடனுக்கு வரி கிடையாது, அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், மாதம் முடிவதற்குள் திருப்பி அனுப்பு என்றும் சொல்லியிருக்கிறாய். "வரித்துறை பதிவு நம்பரே போட்டிருக்கும்மா, பயப்படாதே" என்று போனில் சிரித்தாய். உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் பையனையும் சேர்த்துவிடப் போவதாகவும், அதற்கு உனக்குத் தனியாக ஒரு தொகை வரும் என்றும் சொன்னாய். அதைக் கேட்டபோது நான் ஒன்றும் பேசவில்லை, லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னாய். லைன் நன்றாகத்தான் இருந்தது கண்ணா.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி எங்கள் பதினோரு பேரைக் கூப்பிட்டு, நாளை முதல் நீங்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, சுதந்திரமாகத் தொழில் செய்பவர்கள் என்று சொன்னதை நான் உனக்குச் சொன்னதில்லை. சுதந்திரம் என்றால் என்ன என்று மறுநாளே தெரிந்தது. கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று பார்க்க மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜுக்கு அதுவரை ஆஸ்பத்திரி பணம் கட்டியது, மறுநாளிலிருந்து நாங்கள் கட்டினோம். காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. வேலைக்கு வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் மட்டும் அவர்களே குறித்தார்கள். அந்த வாரமே இதே மாதிரி நடுவில் நிற்கிற ஒரு கம்பெனியிலிருந்து கோட்டுக்காரர் வந்தார், பெயரை விடு, வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் நாங்கள் வைத்த பெயர் அது. எங்கள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, நீ இப்போது சொல்கிறாயே, அதையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். அவருடைய தாளிலும் அந்தப் பதிவு எண் இருந்தது. "நம்பர் குடுத்திருக்காங்கன்னா ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்" என்றார், நானும் தலையாட்டினேன். தினமும் நாற்பது படம் எடுக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போடுகிறேன், எண் போட்டதால் நுரையீரல் சுத்தம் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. பரிசோதிக்க வேண்டியது என்று அடையாளம் வைக்கத்தான் எண். வரித்துறை போட்டதும் அதற்குத்தான், இப்படி ஒரு திட்டம் நடக்கிறது, பிறகு பார்க்க வேண்டும் என்று. என் வேலையே அது, எனக்கே அது உறைக்கவில்லை.

மாதத்துக்கு இரண்டு சீட்டு வரும், சம்பளச் சீட்டு சின்னது, கடன் சீட்டு பெரியது. இரண்டையும் பழைய படம் போடும் பழுப்பு உறைகளில் மாதவாரியாகப் போட்டு வைத்தேன், ஒன்று தொலையவில்லை. மாமா அப்போது லிப்ட் கம்பெனியிலிருந்து விலகித் தனியாக ரிப்பேருக்குப் போக ஆரம்பித்திருந்தான். அக்கா சொன்னால் கிணற்றில்கூட இறங்குவான், உனக்குத்தான் தெரியுமே. அவனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். சேர்த்துவிட்டதற்கு எனக்கு அறிமுகப் பணம் கொடுத்தார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் வாங்கியதுதான் நீ இழுத்துக்கொண்டு போன நீலப் பெட்டி. ஓவர்டைம் பார்த்தேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

போன குளிர்காலத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரே வாரத்தில் வரித்துறைக் கடிதம் வந்தது. கடன் என்று கொடுத்ததெல்லாம் சம்பளம்தான், அத்தனை வருஷத்துக்கும் வரி, அதன்மேல் வட்டி, அதன்மேல் அபராதம். எனக்கு வந்த தொகை என் இரண்டு வருஷச் சம்பளம், அவனுக்கு வந்தது அதைவிட அதிகம். நான் பெருமையாக என் பழுப்பு உறைகளை எடுத்துக்கொண்டு போனேன், எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறேனே என்று. என் கணக்கை எனக்கு எதிராக நானே அடுக்கிக் கொடுத்தது மாதிரி ஆயிற்று. மாமாவோ வந்த உறைகளைப் பிரிக்கவே இல்லை. கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் போட்டுவிட்டு மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அத்தை கண்டுபிடித்து என்னிடம் அழுத பிறகுதான் அவனை இழுத்துக்கொண்டு வரித்துறை அலுவலகத்துக்குப் போனேன்.

டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அங்கே இருந்த லிப்ட் நடுவில் நின்றுவிட்டது, இவன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, ரெண்டு நிமிஷ வேலை, வரியில கழிச்சுக்குவாங்களான்னு கேக்கட்டுமா அக்கா" என்றான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், கெட்ட பெண் இல்லை, களைத்துப்போன பெண். பணத்தை யார் வாங்கினார்களோ அவர்கள்தான் வரி கட்ட வேண்டும் என்றாள். அந்தக் கம்பெனி என்ன ஆச்சு என்று இவன் கேட்டான், மூடிவிட்டார்கள் என்றாள். ஒவ்வொரு மாதமும் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொண்டவன் மூடிவிட்டுப் போகலாம், அதே ஆள் வேறு பெயரில் வேறு பலகை மாட்டலாம், எங்களைச் சம்பளப் பட்டியலிலிருந்து தள்ளி மிச்சம் பிடித்த ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் கட்டலாம், அவர்கள் வாசலுக்கு ஒரு உறையும் போகாது. பெரிய இடத்தில் இதற்கு வரித் திட்டமிடல் என்று பெயர், அதைச் சொல்லிக்கொடுக்கக் குளிர்சாதன அறையில் ஆள் இருக்கிறார்கள். படம் எடுப்பவளும் லிப்ட் பார்ப்பவனும் செய்தால் ஏய்ப்பு. நாங்கள் தப்பே செய்யவில்லை என்று சொல்லவில்லை. வரி கட்டாத பணம் கைக்கு வந்தபோது இனித்தது, கேள்வி கேட்க வேண்டாம் என்று இருந்துவிட்டோம். ஆனால் தப்பில் பங்கு கேட்டவர்கள் எல்லோரும் தண்டனையில் பங்குக்கு வரவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

உங்களை யார் இதில் சேர்த்தது என்று அந்தப் பெண் அவனிடம் கேட்டாள். அவன் என்னைப் பார்க்காமலே, "யாரோ வந்தாங்க மேடம், முகம்கூட ஞாபகம் இல்ல" என்றான். அவள் கோப்பைப் புரட்டி அவனுடைய பழைய விண்ணப்பத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அறிமுகப்படுத்தியவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது, பக்கத்தில் கொடுத்த தொகையும் இருந்தது. அந்தக் கட்டத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். என்னுடைய கையெழுத்துதான் என்று நானே சொன்னேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "அந்த நீலப் பெட்டியா அக்கா" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "சக்கரம் ஒழுங்கா ஓடுதான்னு கடையில நான்தானே உருட்டிப் பார்த்தேன்" என்றான், அவ்வளவுதான். பஸ் வந்ததும் நான் ஏறினேன், அவன் ஏறவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அது நடந்து பதினேழு நாள் ஆகிறது. தனியாகக் கடை வைப்பதற்கு அவன் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டான், பைக்கை விற்றுவிட்டான், கருவிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறானாம். நேற்று அத்தை ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்காராமலே போய்விட்டாள். உள்ளே பிரிக்காத அந்த உறைகள், "அக்காவே படிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். படித்தேன். அதில் ஒன்று வரித்துறையிலிருந்து வந்தது இல்லை. எங்கள் கடன் பத்திரங்களையெல்லாம் வேறு ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கியிருக்கிறதாம், கடனைத் திருப்பிக் கட்டு என்று கேட்கிறது. திருப்பிக் கேட்கவே மாட்டார்கள் என்றது வெறும் வாய்ப்பேச்சு, பத்திரத்தில் கடன் என்றுதான் இருக்கிறது, நாங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒருவன் அதைச் சம்பளம் என்று சொல்லி வரி கேட்கிறான், இன்னொருவன் அதையே கடன் என்று சொல்லி முழுசாகக் கேட்கிறான். எங்களுக்கும் அப்படி ஒன்று வரும், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

உன் காகிதங்களை இதோடு வைத்திருக்கிறேன், சாட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கையில் வருவது குறைந்தாலும் முழுச் சம்பளமும் சம்பளம் என்றே சீட்டில் வருகிற வேலையைப் பார். சந்தேகம் இருந்தால் நீயே கூலி கொடுத்து ஒரு கணக்கரைக் கேள், அவர்கள் அனுப்புகிற கணக்கரைக் கேட்காதே. நீ பெரியவன், உன் கையெழுத்தை நான் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் உன் அறைப் பையன் விஷயம் வேறு. உன்னை நம்பித்தான் அவன் கையெழுத்துப் போடப் போகிறான். என்னிடம் ஒரு தம்பி இருந்தான், இப்போது அவனுடைய உறைகள்தான் என்னிடம் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் உன் அறைப் பையனிடம் போய் இதையெல்லாம் சொல், உனக்குத் தருவதாகச் சொன்ன தொகையையும் சேர்த்துச் சொல்.

நோய் நொடி அண்டாமல், யார் முகத்தையும் நேராகப் பார்க்கிற மாதிரி நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் உண்டு. இருமலுக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடு, தள்ளிப் போடாதே. மாமாவுக்கு நீ போன் செய்தால் எடுப்பான் என்று நினைக்கிறேன், நான் செய்தால் எடுப்பதில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்டால் சக்கரம் நன்றாக ஓடுகிறது என்று சொல்.

இந்த ஒரு தாளில் மட்டும் யோசிக்காமல் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா