நீ போகாத பயிற்சி

என் அன்பு மச்சாள் தர்சினிக்கு,

நீ இல்லாமல் வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. கொழும்பில் மறுபடியும் டெங்கு. சோதனைச் சாவடிகளும் அப்படியே இருக்கின்றன. வெள்ளவத்தை அறையில் உன் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்க விடவில்லை.

போன திங்கட்கிழமை எங்கள் ஆய்வுகூடத்தில் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. வைரஸின் மரபணு எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டு, அது எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்று கண்டுபிடிக்கிற அதே பயிற்சிதான். படிப்பிக்கிறவள் நான். "வெளிநாடு போய் இதைப் படித்து வந்த முதல் ஆள்" என்று அறிமுகம் செய்தார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

பாங்கொக்கில் நடந்த அந்தப் பயிற்சிக்கு அழைப்பு உனக்குத்தான் வந்தது. நீ புறப்பட இருந்ததற்கு முதல்நாள் காலை, காலி வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். உன் பையில் பக்கம் பக்கமாக ஏ, சி, ஜி, டி என்று எழுத்துகள். இரகசியச் செய்தியா என்று கேட்டார்கள். டெங்கு வைரஸின் மரபணு என்று நீ சிங்களத்தில் விளங்கப்படுத்த, அவர்களுக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வேறு. பொலிஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

இனி, நான் உனக்குச் சொல்லாதது. அன்று பின்னேரம் பாங்கொக்கிலிருந்து ஏற்பாட்டாளர் தொலைபேசி எடுத்தார். மூன்று நாள் பிந்தி வந்தாலும் பரவாயில்லை, உன் இடத்தை வைத்திருக்கவா என்று கேட்டார். அவள் இப்போதைக்கு வெளியே வரமாட்டாள், நான் வருகிறேன் என்றேன். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஆசையும் இருந்தது. அடுத்த நாளே விமானம் ஏறினேன்; அதற்கு மறுநாள், அந்த மூன்று நாளுக்குள்ளேயே, உன்னை விட்டுவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது, உன் இடம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்கவில்லை. "பரவாயில்லையடி. படிச்சதை எனக்கும் சொல்லித் தா" என்றாய். ஒரு கணினிக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். இரண்டு கிழமையில் நீ என் பிழைகளைத் திருத்தத் தொடங்கினாய்.

"இந்த வருசக் காய்ச்சல் போன வருச வைரஸின்ர பிள்ளை இல்லையடி. வேற எங்கயோ இருந்து வந்திருக்கு" என்று முதலில் கண்டவள் நீதான். அதை உறுதிப்படுத்த இன்னும் இரத்த மாதிரிகள் வேண்டுமென்று மட்டக்குளிக்குப் புறப்பட்டாய். பஸ்ஸில் குண்டு.

பாங்கொக்கில் என்னை மேற்படிப்புக்கு இருக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வந்தேன். நீயென்றால் மறுத்திருப்பாயா? குண்டு வெடித்த நாளில் நீ கொழும்பிலேயே இருந்திருப்பாயா? யாரிடம் கேட்பேன்?

கொட்டாஞ்சேனையில் மாமி இன்றைக்கும் ஆமிக்காரரைத்தான் திட்டுகிறா. "அவங்கள் மறிக்காட்டி என்ர பிள்ளை வெளிநாடு போயிருப்பாள்" என்பா. நான் குனிந்தபடி தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

நேற்று வகுப்பில் மட்டக்களப்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவர், "மிஸ், எங்கட பக்கத்துக் காய்ச்சலையும் இப்பிடிப் பார்க்கலாமோ?" என்று கேட்டார். "ஓம், மாதிரி அனுப்புங்கோ" என்றேன். நீ இருந்திருந்தால் அவரோடேயே பஸ் ஏறியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் போகிறேன். அந்தத் தொலைபேசியில் நான் சொன்னதை அப்படியே அவவுக்குச் சொல்வேன். அதன்பிறகு என்னை வீட்டுக்குள் எடுக்காவிட்டாலும் அது அவவின் உரிமை. திங்கட்கிழமை வகுப்பில், அந்த வைரஸ் வெளியிலிருந்து வந்ததென்று கண்டவள் யாரென்று உன் பெயர் சொல்லியே படிப்பிப்பேன். இது சத்தியம்.

உன் இடத்தில் போய் வந்த,
உன் மச்சாள் கௌரி