காது மிஷின் வேண்டாம்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தகரம் தட்டிய கைக்குப் பேனா இன்னும் பிடிபடவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்! டீக்கடைக்காரர் என் சிலேட்டை வாங்கி, "பெரியவரே, கலெக்டர் ஆகப் போறீங்களா?" என்று எழுதினார். "ஆமா, ஆனதும் முதல்ல உன் கடையத்தான் மூடுவேன்" என்று நானும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை எல்லோருக்கும் காட்ட, கடையே சிரித்தது.

போனில் எனக்கு ஓசை வருகிறது, சொல் வருவதில்லை. இனி அந்தக் கவலை இல்லை. உன்னைப் போலக் காது பார்க்கும் படிப்பில் பட்டம் வாங்கியவர்களுக்கு நல்ல சம்பளமாமே? உன் வேலை எப்படி? பேரன் எப்படி? மறைக்காமல் எழுது.

மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பேரன் நலம். உங்கள் மகன் இறந்த பிறகு, ஊர் சொன்னதைக் கேட்காமல் என்னைப் படிக்க அனுப்பியவர் நீங்கள். உங்களிடம் மறைப்பேனா?

காது மிஷின் கடையில் சம்பளம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அதில் பாதி, விற்றால்தான் வரும். போன வாரம் வந்தவருக்குக் காதில் வெறும் அழுக்கு. எடுத்துவிட்டு அனுப்பினேன். "ஏம்மா, இது கடையா, தர்மசத்திரமா?" என்றார் மேலாளர்.

பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு அரசு மருத்துவமனையில் கூப்பிடுகிறார்கள். நான் ஆசைப்பட்டுப் படித்தது அதற்குத்தான். ஆனால் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு. வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்குமே சரியாகப் போய்விடும். உங்களுக்கு மிஷின் வாங்கித் தருவதாகச் சைகையில் சொன்னேனே, அது நடக்காது. அதனால் கடையிலேயே இருந்துவிடுகிறேன்.

மருமகள்


மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

விரல் வைத்து, ஒரு சொல் விடாமல் படித்தேன். எனக்கு மிஷின் வேண்டாம். நீ அந்தக் குழந்தைகளிடம் போ.

பேரன் குரலைக் கேட்க ஆசை இல்லை என்றால் அது பொய். அவன் பேசுவதை அப்படியே எழுதி அனுப்பு. வாய்விட்டுப் படித்துக்கொள்கிறேன்.

நீ இந்த வீட்டுக்கு வந்தபோதே என் காது போயிருந்தது. இத்தனை வருடம் உன் வாய் அசைவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். "உங்களிடம் மறைப்பேனா" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் முதன்முதலாக நீ பேசிக் கேட்டேன். இது போதும் எனக்கு.

வேலையில் சேர்ந்ததும், முதல் குழந்தை சத்தம் கேட்டுக் கண்ணைத் திருப்பியதா என்று எழுது. அடுத்த வாரம் நானும் எழுதுகிறேன், இதைவிடக் கொஞ்சம் நேராக.

மாமா